பெரிய கொயில் வேண்டாம் மகள்: மெட்டல் டிடெக்டர் பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் மெட்டல் டிடெக்டர் பற்றி ஒருவர் கேட்டதற்கு நான்கு வரியில் பதில் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதி, மெஷினின் அடியில் இருக்கும் வட்டத் தட்டைப் பற்றித்தான். அதைத்தான் கொயில் என்கிறோம், தேடு சுருள் என்றும் எழுதுகிறார்கள். எதை வாங்குவது, எது எங்கே பொருந்தும் என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். ஹட்டன் பக்கத்து ஸ்டோர் (தேயிலை ஆலை) ஒன்றில் 31 வருடம் எலக்ட்ரீசியனாக இருந்து மோட்டார் கொயில் சுற்றியவன் நான். அந்த அனுபவத்தோடும், ஓய்வுக்குப் பிறகு மெஷினைத் தூக்கிக்கொண்டு மலை மலையாய் நடந்த அனுபவத்தோடும் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, என் அம்மா கொழுந்து எடுப்பவர், தோட்டத்தில் இருப்பது வி.பி. தேயிலை (வெட்டுத்துண்டிலிருந்து வளர்த்தது). மூன்று வாரத்துக்கு முன் வேலை முடிந்து லயத்துக்கு வந்து குளிக்கப் போனபோதுதான் கவனித்தார், தாலிக்கயிறு அறுந்து சட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது. தாலிப் பொட்டும் இரண்டு தங்கக் குண்டும் இல்லை. அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. கட்டாரிலிருந்து வந்திருக்கும் பெரியப்பா மகனிடம் மைன்லேப் ஈக்வினொக்ஸ் 800 மெஷின் இருக்கிறது. அதோடு வந்தது 11 அங்குல கொயில். கொழும்பில் ஒரு கடையில் கேட்டதற்கு, மலைக்காட்டில் தேடுவதென்றால் 15 அங்குல கொயில் வாங்குங்கள், ஆழமாகக் காட்டும் என்கிறார்கள். கடன் வாங்கியாவது வாங்கலாமா? (தலவாக்கலை வாசகி)

பதில்: கடன் வாங்க வேண்டாம் மகள். அந்த 15 அங்குல கொயில் உங்கள் வேலைக்குப் பொருந்தாது.

அம்மாவின் தாலி விழுந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அது ஆழத்தில் இல்லை. தேயிலைச் செடிக்கு அடியில், உதிர்ந்த இலைக்குக் கீழே ஓர் அங்குலத்திலோ இரண்டு அங்குலத்திலோதான் கிடக்கும். ஆழம் தேவைப்படாத இடத்தில் ஆழத்துக்குக் காசு கொடுக்கிறீர்கள். பெரிய கொயில் நல்லதுதான், ஆனால் பெரிய பொருளுக்கு. புதைந்துபோன தண்ணீர்க் குழாய், காணியின் எல்லைக்கு அடித்த இரும்புக் கட்டை, வெட்டவெளியில் ஆழமாகக் கிடக்கும் காசு, இவற்றுக்கு அது வேண்டும். சிறிய பொருளை அது தவற விடும். காரணத்தைச் சொல்கிறேன்.

கொயில் தன்னைச் சுற்றி ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அந்தப் புலத்துக்குள் ஓர் உலோகம் வந்தால் அதில் சிறு மின்னோட்டம் சுழலும். அந்த மின்னோட்டம் உண்டாக்கும் புலத்தைத் திரும்பக் கேட்பதுதான் மெஷினின் வேலை. 38 சென்ரிமீற்றர் அகலக் கொயிலில் அந்தப் புலம் அவ்வளவு அகலத்துக்கும் பரந்து நிற்கிறது. அதன் கீழே ஒரு குண்டுமணி அளவு தங்கம் வந்தால், அது கொடுக்கும் பதில் மொத்தத்தில் எங்கோ கரைந்துவிடும். 15 சென்ரிமீற்றர் கொயிலில் புலம் ஓர் உள்ளங்கை அளவுக்குள் நெருக்கமாக நிற்பதால் அதே குண்டு தெளிவாகக் கத்தும். பெரிய கொயிலுக்கு இன்னொரு சிரமமும் உண்டு. கூடுதலான மண்ணை அது ஒரே நேரத்தில் பார்க்கிறது. நம் மலைநாட்டின் செம்மஞ்சள் பொட்சோல் மண்ணில் இரும்பு ஒக்சைட் நிறைய. மண் கூடக் கூட மண்ணின் இரைச்சலும் கூடும்.

அடுத்தது இடம். உங்கள் தோட்டத்தில் வி.பி. தேயிலை என்று எழுதியிருக்கிறீர்கள். நிரைக்கு நிரை நாலு அடி, செடிக்குச் செடி இரண்டு அடி என்றுதான் வழக்கமாக நட்டிருப்பார்கள். இரண்டு அடியில் தூரின் பருமன் போக, கிளை தாழ்ந்திருப்பது போக, 15 அங்குலத் தட்டை எங்கே நுழைப்பீர்கள்? கிளையில் இடித்து இடித்து மேலே தூக்குவீர்கள், தரையிலிருந்து அரை அடி உயரத்தில் ஆட்டுவீர்கள். தூரம் கூடினால் சிக்னல் எவ்வளவு வேகமாக விழும் என்பது பலருக்குத் தெரியாது. கொயிலின் அளவைத் தாண்டிய தூரங்களில், தூரம் இரண்டு மடங்கானால் சிக்னல் 64இல் ஒரு பங்காகிவிடும். போகும்போது ஒரு தரம் குறைகிறது, திரும்பி வரும்போது மறுபடியும் குறைகிறது. அதனால் தரையை ஒட்டி ஆட்ட முடிகிற சின்னக் கொயில், தரைக்கு மேலே தொங்குகிற பெரிய கொயிலை வென்றுவிடும்.

ஈக்வினொக்ஸுக்கு 6 அங்குல கொயில் தனியாகக் கிடைக்கிறது. யாரிடமாவது இரவல் கிடைத்தால் அதை வாங்கிப் பூட்டுங்கள். கிடைக்காவிட்டால் கையில் இருக்கும் 11 அங்குலமே போதும். அது டபிள் டி வகை (அடுத்த கேள்வியில் விளக்குகிறேன்), இந்த மண்ணுக்குச் சரியானது. செடிக்கு அடியில் அதன் மூக்குப் பக்கத்தை மட்டும் நுழைத்து மெதுவாக அசையுங்கள்.

ஆனால் மெஷினை எடுக்கும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அறுந்த கயிறு சட்டையிலேயே தங்கியிருக்கிறது. அப்படியென்றால் தாலி மலையில்தான் விழுந்தது என்று உறுதி இல்லை. கூடையை உதறிப் பாருங்கள், பின்னலின் இடுக்கில் பென் டோர்ச் அடித்துப் பாருங்கள். இடுப்பில் கட்டிய படங்கின் மடிப்பைப் பிரித்துப் பாருங்கள். மடுவத்தில் கொழுந்து நிறுத்த இடத்தையும், அங்கிருந்து லயத்துக்கு வரும் குறுக்குப் பாதையையும் தேடுங்கள். ஸ்டோரிலும் சொல்லிவையுங்கள். தேயிலையில் கலந்த ஆணியையும் கம்பியையும் பிடிக்க அங்கே காந்தம் வைத்திருப்போம். தங்கம் காந்தத்தில் ஒட்டாது. வாட்டும் தொட்டியைக் கூட்டுகிறவர் கண்ணில் பட்டால்தான் உண்டு. அங்கே வேலை செய்கிறவர்கள் நல்லவர்கள், கேட்டால் தேடித் தருவார்கள்.

அடுத்த அவசரம், கங்காணியைப் பார்த்து அந்த நிரைகளில் முள்ளுக்குத்து (முள்ளால் மண்ணைக் கிளறுவது), கவ்வாத்து எதுவும் இப்போதைக்கு வருகிறதா என்று கேட்பது. முள்ளுக்குத்தினால் பொருள் மண்ணுக்குள் போய்விடும். கவ்வாத்து வெட்டினால் தரை முழுக்கக் கிளை மூடிவிடும். இரண்டு நாள் தள்ளிப்போடச் சொன்னால், தாலி என்றதும் யாரும் மறுக்கமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். தோட்ட நிர்வாகத்திடமும் ஒரு சின்னக் கடிதத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். மெஷினோடு காட்டுக்குள் நிற்பவரைக் கண்டால் புதையல்காரர் என்றுதான் முதலில் நினைப்பார்கள். பகலில் போங்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

இனித் தேடும் முறை. வீட்டில் யாருடைய தாலிப் பொட்டையாவது ஒரு முழச் சிவப்பு நூலில் கட்டி, செடியடியில் இலைக்குக் கீழே வைத்து, மெஷின் அதை எப்படிச் சொல்கிறது என்று முதலில் காதால் பழகுங்கள். ஈக்வினொக்ஸில் எண் மைனஸ் 9இலிருந்து 40 வரை வரும். இரும்பு மைனஸ் பக்கம். சின்னத் தங்கம் தாழ்ந்த எண்களில் வரும், அதே இடத்தில்தான் அலுமினியத் தாளும் வரும். நம் மலையில் பனடோல் மாத்திரை அட்டை இல்லாத நிரை ஏது? அந்த எண் தொல்லை தருகிறது என்று அதை அணைத்துவிட்டால் தாலியையும் அணைத்தவர் ஆவீர்கள். எதையும் அணைக்காதீர்கள். கத்துகிற ஒவ்வொன்றையும் குனிந்து பாருங்கள். 800 மொடலில் தங்கத்துக்கென்று தனி மோட் இருக்கிறது, அதையும் முயன்று பாருங்கள்.

பொட்டைத்தான் முதலில் எதிர்பாருங்கள். அது ஒரே தகடு, நன்றாகக் கத்தும். உள்ளே அரக்கு அடைத்த மெல்லிய குண்டாக இருந்தால் சத்தம் சின்னதாகத்தான் வரும். சங்கிலி போனவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மெல்லிய சங்கிலி முழுசாகக் கிடந்தாலும் மெஷின் அதை ஒரே பொருளாகப் பார்க்காது. வளையத்துக்கு வளையம் தொடுகை சரியாக இல்லாததால் ஒவ்வொரு வளையத்தையும் தனித்தனியாகப் பார்க்கும். ஐந்து பவுண் கொடி கிடந்தும் மெஷின் சும்மா இருப்பது அதனால்தான். அப்படிப்பட்ட இடத்தில் கொக்கியும் பதக்கமும்தான் கை கொடுக்கும்.

மூன்று வாரத்தில் மழை பெய்திருக்கும். தங்கம் கனமானது, இலேசில் உருண்டு போகாது. ஆனால் சரிவில் தண்ணீர் ஓடியிருந்தால் கீழே இருக்கும் கானை (வடிகாலை) பார்க்காமல் விடாதீர்கள். கான் வெட்டி மண்ணைக் கரையில் போட்டிருந்தால் அந்த மண்ணையும் பாருங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நாலைந்து வருடத்துக்கு முன் எங்கள் லயத்தில் ஒரு பிள்ளையின் தோடு தொலைந்தது. என்னிடம் அப்போது இருந்தது பெரிய கொயில், அதுவும் ஒரு வியாபாரி ஆழம் ஆழம் என்று சொல்லி விற்றதுதான். இரண்டு நாள் ஆட்டினேன். ஆணி, தகரம், குடைக்கம்பி எல்லாம் வந்தது, தோடு வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு நண்பரிடம் சின்னக் கொயிலை வாங்கிவந்து கானின் கரையில் குவிந்திருந்த சேற்று மண்ணில் வைத்தேன். ‘ட்டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம், இருமல்கூட இல்லை, தொண்டையைச் செருமுவது மாதிரி. ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தண்ணீரை ஊற்றினேன். சிவப்பு கரைந்து விரலிடுக்கால் ஓடியது, திருகாணியோடு தோடு கையில் இருந்தது. அந்தப் பிள்ளையின் பாட்டி அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வெகுநேரம் பேசவே இல்லை.

எனவே, நிரைநிரையாகக் கயிறு கட்டி, ஒரு நாளைக்கு நாலு நிரை என்று தேடுங்கள். ஒவ்வொரு வீச்சும் முந்தின வீச்சில் பாதியை மூட வேண்டும். அவசரப்படாதீர்கள்.

கேள்வி: கொன்சென்ட்ரிக் என்கிறார்கள், டபிள் டி என்கிறார்கள். நான் பழைய காசு சேர்ப்பவன். எங்கள் ஊர் விளையாட்டு மைதானத்தில் தேட அனுமதி வாங்கியிருக்கிறேன். எது நல்லது? (பண்டாரவளை வாசகர்)

பதில்: கொன்சென்ட்ரிக் கொயிலில் வெளியே ஒரு பெரிய வட்டம் அனுப்புகிறது, உள்ளே ஒரு சின்ன வட்டம் கேட்கிறது. அது பார்க்கும் பகுதி புனல் மாதிரி, கீழே போகப் போக ஒடுங்கும். டபிள் டியில் ஆங்கில எழுத்து டி வடிவத்தில் இரண்டு சுருள்கள் முதுகோடு முதுகு ஒன்றையொன்று மூடி நிற்கும். அது பார்ப்பது முன்னிருந்து பின்னாக ஒரு கத்தி அலகு மாதிரியான மெல்லிய பட்டை. பட்டை மெல்லியதாக இருப்பதால் ஒரு நேரத்தில் பார்க்கும் மண் குறைவு, அதனால்தான் செம்மண்ணில் அது அமைதியாக வேலை செய்கிறது. ஹட்டன், நுவரெலியா, தலவாக்கலைப் பக்கத்து ஈர மண்ணுக்கு நான் யாருக்கும் டபிள் டியைத்தான் சொல்வேன்.

உங்கள் மைதானம் வேறு கதை. ஊவாப் பக்கம் ஆடி, ஆவணியில் காய்ந்து கிடக்கும். மைதானத்தில் பெரும் தொல்லை சோடா மூடி. டபிள் டி அந்தத் தட்டை இரும்பைப் பல நேரம் நல்ல காசு என்று சொல்லி ஏமாற்றும். கொன்சென்ட்ரிக் அதில் கொஞ்சம் உஷார், இடத்தையும் புள்ளியாகக் காட்டும். மண் இரைச்சல் போடாத நாளில் 8 அல்லது 9 அங்குல கொன்சென்ட்ரிக்கோடு இறங்கிப் பாருங்கள். காசு அளவுள்ள பொருளைக் கொயிலின் விட்டம் அளவு ஆழத்துக்குக் காட்டும் என்று ஒரு கைக்கணக்கு உண்டு. நல்ல மண்ணில்தான் அந்தக் கணக்கு. 1944இல் வந்த நெளிந்த விளிம்புள்ள இரண்டு சதக் காசு நிக்கல் பித்தளையால் ஆனது. அதை எந்தக் கொயிலும் நன்றாகவே காட்டும்.

எந்தக் கொயில் பூட்டினாலும் கிரவுண்ட் பலன்ஸ் செய்யாமல் தொடங்காதீர்கள். உலோகமில்லாத ஒரு துண்டு நிலத்தில் கொயிலை ஏற்றி இறக்கி, மண்ணின் சத்தம் அடங்கும் வரை சரிசெய்ய வேண்டும். மழை விழுந்தால் மறுபடியும்.

கேள்வி: மெஷின் நின்ற இடத்திலேயே கத்துகிறது. கொயில் பழுதா? (வட்டவளை வாசகர்)

பதில்: முதலில் கேபிளைப் பாருங்கள். தண்டில் இறுக்கமாகச் சுற்றியிருக்க வேண்டும். தொங்கி ஆடினால் அதன் அசைவையே மெஷின் உலோகம் என்று கேட்கும். பிறகு கொயிலின் அடி மூடியைக் கழற்றுங்கள். உள்ளே செம்மண் சேறு காய்ந்து அப்பியிருக்கும், கழுவிக் காயவைத்துப் பூட்டுங்கள். மேலே மின்கம்பி போகிறதா என்றும் பாருங்கள். உங்கள் காலணியின் முனையில் இரும்பு இருக்கிறதா, இடுப்பில் கத்தி இருக்கிறதா?

கடைசியில் சொன்னதை இலேசாக எடுக்க வேண்டாம். 1881இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்ட் சுடப்பட்டபோது, தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் இதே மாதிரி சுருளோடு போய் உடம்புக்குள் இருந்த தோட்டாவைத் தேடினார். கிடைக்கவில்லை. மெத்தைக்குள் இருந்த உருக்குச் சுருள்கள் சத்தத்தைக் குழப்பின, வைத்தியரும் உடம்பின் வலது பக்கத்தை மட்டுமே தேட விட்டார். தோட்டா இடது பக்கத்தில் இருந்தது. அவ்வளவு பெரிய மேதையின் கருவியே கட்டிலின் இரும்பால் குழம்பியது என்றால், நம் இடுப்புக் கத்தி குழப்பாதா?

கேள்வி: என் கொயில் உடைந்துவிட்டது. வேறு கம்பனியின் கொயில் மலிவாகக் கிடைக்கிறது, பிளக்கை மாற்றிப் பூட்டலாமா? அல்லது நீங்களே சுற்றித் தருவீர்களா? (நாவலப்பிட்டி வாசகர்)

பதில்: இரண்டும் வேண்டாம் தம்பி. மோட்டார் கொயில் எரிந்தால் கம்பியின் கேஜையும் சுற்றின் எண்ணிக்கையையும் எடுத்து நான் சுற்றித் தருவேன். இது அப்படியல்ல. அனுப்பும் சுருளும் கேட்கும் சுருளும் ஒன்றையொன்று கேட்காதபடி, மயிரிழை பிசகாமல் சமன் செய்து, ரெசின் ஊற்றி இறுக்கியிருக்கிறார்கள். ஒரு மில்லிமீற்றரின் பங்கு நகர்ந்தாலும் சமன் போய்விடும். சுருளின் அளவுகளும் அந்த மெஷினின் அலைவரிசைக்கென்றே வைத்தவை. ஒரே கம்பனியின் இரண்டு மொடலுக்கே ஒன்றின் கொயில் மற்றதற்குப் பொருந்தாமல் போவதுண்டு. வாங்கும்போது மெஷினின் மொடலைச் சொல்லி, அதற்கென்று எழுதியிருப்பதையே வாங்குங்கள். பிளக்குக்குப் பக்கத்தில் கேபிள் மட்டும் அறுந்திருந்தால் கொண்டுவாருங்கள், சுற்றியுள்ள வலைக்கம்பி கெடாமல் ஈயம் வைத்துத் தருகிறேன்.

கேள்வி: நீலக்கல் காட்டும் கொயில் இருக்கிறதாமே? (பொகவந்தலாவை வாசகர்)

பதில்: இல்லை. அப்படிச் சொல்லி விற்பவரிடம் காசு கொடுக்காதீர்கள். நீலக்கல் அலுமினிய ஒக்சைட். பெயரில் அலுமினியம் இருக்கிறதே தவிர அது மின்சாரம் கடத்தாது, காந்தத்துக்கும் மசியாது. எந்தச் சுருளுக்கும் அது வெறும் கல். இரத்தினக்கல் தோண்ட அதற்குரிய அதிகாரசபையின் அனுமதிப்பத்திரமும் வேண்டும்.

கேள்வி: கோப்பிக் காலத்து வெள்ளைக்கார துரை ஒருவர் பங்களாவுக்குப் பின்னால் பணப்பெட்டி புதைத்ததாக எங்கள் தாத்தா சொல்வார். இரண்டு மீற்றர் ஆழம் காட்டும் கொயில் எது? (பதுளை வாசகர்)

பதில்: உங்களுக்குக் கொயில் சொல்லமாட்டேன், மன்னிக்க வேண்டும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொல்பொருளைத் தேடித் தோண்டுவது குற்றம். புதையல் தோண்டப் போய் மெஷினோடு பிடிபட்டவர்களின் செய்தி பத்திரிகையில் அடிக்கடி வருகிறது. பிடிபடுபவர்களில் அநேகர் நம்மைப் போல நாட்கூலி வீட்டுப் பிள்ளைகள்தான். பிணை எடுக்கத் தாய்மார் நகையை அடகு வைக்கிறார்கள். தாத்தா சொன்ன கதையை எழுதி வையுங்கள், எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். படிக்க ஆசையாக இருக்கிறது.

கேள்வி: மரம் அரியும் ஆலை வைத்திருக்கிறேன். சவுக்கு, சபுக்கு (சில்வர் ஓக்) மரங்களில் பழைய ஆணியும் வேலிக்கம்பியும் இருந்து வாள் போய்விடுகிறது. பெரிய மெஷின் வாங்கவா? (வெலிமடை வாசகர்)

பதில்: பெரிய மெஷின் தேவையில்லை. கையில் பிடிக்கும் பின்பொயின்டர் என்று கரட் கிழங்கு அளவில் ஒன்று இருக்கிறது. அதன் முனைக்குள்ளேயே சின்னச் சுருள் உண்டு. சில அங்குலம்தான் பார்க்கும். ஆணி அடித்த காலத்துக்குப் பிறகு மரம் பருத்து அதை உள்ளே விழுங்கியிருந்தால் அதன் கைக்கு எட்டாது. அதனால் பட்டையை உரித்த பிறகு மரத்தை உருட்டி நாலு பக்கமும் தடவுங்கள், முதல் பலகை அரிந்ததும் அரிந்த முகத்தில் இன்னொரு தரம் தடவுங்கள். வேலிக்கம்பி அநேகமாக இடுப்புயரத்துக்குள்தான் அடித்திருப்பார்கள். அடிமரத்தின் முதல் நாலு அடியில் கூடுதல் நேரம் செலவிடுங்கள். வாளின் மேசைக்குப் பக்கத்தில் வைத்துத் தடவினால் அந்த இரும்புக்கே அது கத்திக்கொண்டிருக்கும். மரத்தை வெளியே, வெறும் தரையில் போட்டுப் பாருங்கள்.